வடக்கே ஒரு நடை – 7: அனுமதி கேட்காத காடு

வட நோர்வேயின் ஹம்மர்பெஸ்டில் காடு என்று சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. 70 பாகை வட அகலக்கோட்டையும் தாண்டிய ஊர். கடற்காற்று மரத்தை நிமிரவே விடாது. மலைச்சரிவுகளின் மடிப்புகளில் குட்டையான பிர்ச் மரங்கள் ஒதுங்கி நிற்கும், அவ்வளவுதான். ஊருக்கு மேலே உள்ள சாலென் குன்று 86 மீற்றர்தான்; வளைந்து வளைந்து ஏறும் பாதையில் பிள்ளைகளும் ஏறிவிடுவார்கள். ஆற்றோரமாகவும் மரங்களுக்குள்ளும் ஒரு முழுநாள் நடக்க வேண்டுமென்றால் ஊர் இருக்கும் தீவை விட்டு வெளியே வரவேண்டும்.

செப்டெம்பரில் அப்படி வருபவர்கள் பலர் போகும் இடம் ஸ்தபுர்ஸ்டாலன். ரீக்ஸ்வெய் 94 சாலையில் ஸ்கைடி வரை வந்து, அங்கே ஈ6 நெடுஞ்சாலையைப் பிடித்து, போர்சாங்கர் கடலேரியின் மேற்குக் கரையோடு தெற்கே இறங்கினால், காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 1970இல் தேசியப் பூங்காவாகி, 2002இல் விரிவாக்கப்பட்ட பள்ளத்தாக்கு இது. உலகின் வடகோடிப் பைன் காடு இங்கேதான் இருக்கிறது. ஒருகாலத்தில் வெப்பம் கூடியிருந்தபோது வடக்கே இன்னும் பரந்து கிடந்த பைன் காடுகளில், மலைகள் காத்து நின்ற இந்த மூலையில் எஞ்சியது இது. 500 வயதான மரங்களும் உண்டு. ஆனால் உயரத்தைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். கோடை அவ்வளவு குறுகியது. ஆண்டுக்கு ஆண்டு ஒரு மயிரிழைதான் பருக்கின்றன. பட்டுப்போன மரமும் உடனே விழுவதில்லை. பட்டை உதிர்ந்து வெள்ளி நிறமாகி, உயிரோடிருக்கும் மரங்களுக்கு நடுவில் நெடுங்காலம் நிற்கும். அதை விறகென்று நினைத்து யாரும் கை வைக்கக் கூடாது.

ஸ்தபுர்ஸ் ஆறு காய்சா மலைகளிலிருந்து வருகிறது. சில இடங்களில் கற்களில் மோதி இரைகிறது. லொம்பொலா என்ற இடத்தில் அகன்று, ஏரியோ என்று நினைக்கும்படி அடங்கிப்போகிறது. சால்மன் ஆறு. இலையுதிர்காலம் அந்த மீன்கள் அடிச்சரளையில் முட்டையிடும் காலம், ஆகவே தண்ணீருக்குள் இறங்கி நடக்காமல் கரையோடு போவதே நல்லது. கரையில் பிர்ச் இலைகள் மஞ்சள், காலடியில் முழங்காலளவுகூட வளராத குள்ளப் பிர்ச் செந்தணலாகச் சிவப்பு, இரண்டுக்கும் மேலே பைனின் மாறாத கரும்பச்சை. முதல் உறைபனி விழுந்த பிறகு நுளம்புத் தொல்லையும் இல்லை. நான் கோடையை விட இந்த வாரங்களையே விரும்புகிறேன். ஆனால் வெளிச்சம் வேகமாகக் குறையும்: செப்டெம்பர் கடைசியில் ஒரு வாரத்துக்குள் பகல் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுருங்கிவிடுகிறது. தலைவிளக்கு, கம்பளி உள்ளாடை, மாற்றுக் காலுறை, ஒரு குடுவை தேநீர் இல்லாமல் கிளம்பாதீர்கள். இது வேட்டைக் காலமும் என்பதால் பளிச்சென்ற நிறத்தில் சட்டை இருக்கட்டும்.

ஒருமுறை எங்களோடு ஒரு மூத்தவர் வந்தார். 1980களின் கடைசியில் இந்த வடகோடி மாகாணமான பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு இலங்கையிலிருந்து வேலைக்கு வந்த எம்மவர்களில் ஒருவர். காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டார்.

“தம்பி, ஆரிட்டக் கேட்டிட்டு உள்ளுக்குப் போறது?”

“ஆரிட்டயும் கேக்கத் தேவையில்லை அண்ணை. டிக்கெற்றும் இல்லை.”

“பேர் பதியிறதும் இல்லையோ?”

“இல்லை அண்ணை, வாங்கோ.”

அவர் உடனே காலெடுத்து வைக்கவில்லை. எனக்கு அது புரிந்தது. ஊரில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றவர்கள் நாங்கள். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், எப்போது திரும்புவாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அடையாள அட்டையையும் பாஸையும் நீட்டிப் பழகிய கைகள். எங்களுக்குக் காடு என்றால் விறகு, தேன், வேட்டை. பிறகு ஷெல்லுக்குப் பயந்து ஓடி ஒளிந்த இடம். அங்குள்ள வில்பத்து தேசியப் பூங்காவோ போர்க்காலத்தில் பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. இன்றும் அங்கே ஜீப்பில் இருந்தபடிதான் பார்க்க வேண்டும். யானையும் சிறுத்தையும் உள்ள காட்டில் அது நியாயமே. ஆனாலும் ஒரு வேலையும் இல்லாமல், ஒருவருக்கும் காரணம் சொல்லாமல் மரங்களுக்கு நடுவே நடக்கலாம் என்பதை உடம்பு நம்ப நாளெடுக்கும்.

நோர்வேயில் இப்படி நடக்கும் உரிமை வழக்கமாக நெடுங்காலம் இருந்தது. 1957இல் வெளிப்புற வாழ்வுச் சட்டம் அதை எழுத்தில் வைத்தது. பயிரிடாத நிலம் யாருடையதாக இருந்தாலும் கால்நடையாகப் போகலாம். ஆட்கள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளிக் கூடாரம் அடிக்கலாம். காட்டுக்குப் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நெருப்பு மூட்டக் கூடாது. இதெல்லாம் காவலாள் நின்று பார்ப்பதால் நடப்பதல்ல. பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளை மழையிலும் வெளியே கூட்டிப்போய்ப் பழக்குகிறார்கள். எங்கள் பிள்ளைகள் அங்கே கற்று வந்துதான் எங்களைக் கூட்டிப்போகத் தொடங்கினார்கள்.

இந்த மண்ணும் ஒளிந்திருந்தவர்களின் மண்தான். 1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய ஜேர்மன் படை பின்மார்க்கை எரித்துக்கொண்டே போனது. ஹம்மர்பெஸ்டில் மயானத்தின் சிறு தேவாலயம் ஒன்றைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. ஏறக்குறைய 50,000 பேர் தெற்கே வெளியேற்றப்பட்டார்கள். போக மறுத்த ஆயிரக்கணக்கானோர் குகைகளிலும் புல்மண் குடிசைகளிலும் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஊரிலுள்ள மீள்கட்டுமான அருங்காட்சியகத்தில் இதைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான், அண்ணை என்னோடு வழி நெடுகப் பேசினார். வன்னியில் இருந்த பங்கரைப் பற்றி அதற்கு முன் அவர் சொன்னதே இல்லை.

ஆனால் நடக்கும் உரிமை வேறு, நிலத்தின் மீதான உரிமை வேறு. நாங்கள் நடக்கும் அதே இலையுதிர்கால வாரங்களில் பனிமான் மந்தைகள் கரையோர மேய்ச்சல் நிலங்களை விட்டு, குளிர்காலத்துக்காக உள்நாட்டுக் காரசியொக், கௌத்தொகெய்னோ பக்கம் திரும்புகின்றன. அவை காட்டு விலங்குகள் அல்ல. ஒவ்வொன்றின் காதிலும் உரிமையாளரின் வெட்டு அடையாளம் உண்டு, மேய்ப்பவர்கள் சாமி மக்கள். மந்தை எதிர்ப்பட்டால் நில்லுங்கள், நாயைக் கயிற்றில் பிடியுங்கள், படம் எடுக்க நெருங்காதீர்கள். கலைந்த மந்தையை மறுபடி சேர்க்க ஒரு குடும்பம் நாள்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

நான் கேட்காமல் நடக்கும் இந்த நிலத்தில், கேட்காமல் ஆல்தா ஆற்றில் அணை கட்டாதே என்று சாமி மக்கள் ஒஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தது 1979இல். அணை கட்டி முடிந்தது. என்றாலும் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகவே 1989இல் சாமி நாடாளுமன்றமும், 2005இல் பின்மார்க் நிலத்தின் பெரும்பகுதியை அரசிடமிருந்து மாகாண மக்களின் பொறுப்புக்கு மாற்றிய சட்டமும் வந்தன. அடுத்த வாரம் அந்த ஆல்தா ஆற்றங்கரைக்குப் போவோம்.

(தொடரும்)