உச்சி வெயிலில் அணையும் சோலார்

‘சமுதாயக் கூடத்து மாடியில் நாங்களே வசூல் செய்து, நாங்களே சுமந்து ஏற்றி சோலார் பேனல் மாட்டினோம். மண்டையைப் பிளக்கிற வெயில். ஆனால் தெருவில் கரண்ட் போனால் கூடத்திலும் போய்விடுகிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?’

கூரை சோலார் போட்டவர்கள் முதல் மின்வெட்டு அன்று கேட்கிற கேள்வி இது. ஏமாற்றியிருக்க மாட்டார், சொல்லாமல் விட்டிருப்பார். ‘இனி மின்வெட்டே இல்லை’ என்று நோட்டீஸ் அடித்திருந்தால் அது மட்டும் பொய். மின்துறையின் கம்பியோடு சேர்ந்து ஓடும் ‘ஆன்-கிரிட்’ வகை, அந்தக் கம்பி செத்த 2 நொடிக்குள் தன்னையும் நிறுத்திக்கொள்ள வேண்டும். மத்திய மின்சார ஆணையம் 2013-ல் வகுத்த விதிகள் அப்படித்தான் சொல்கின்றன.

கோவையில் கேட்டால் இது வெறும் எரிச்சல். காரைக்காலில் கேட்டால் விஷயம் வேறு. மூன்று பக்கம் தமிழ்நாடு, கிழக்கே கடல். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியபோது காரைக்காலும் அடி வாங்கியது. காவிரி டெல்டாவில் பல்லாயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. உள் கிராமங்களில் வாரக்கணக்கில் விளக்கில்லை. அந்த நாட்களில் ஊர் போய்ப் படுப்பது பள்ளிக்கூடத்திலும், சமுதாயக் கூடத்திலும், புயல் பாதுகாப்பு மையத்திலும்தான். அப்படிப்பட்ட கட்டடத்தின் தலையில் ஐந்து கிலோவாட் பேனல் இருந்து, கீழே மெழுகுவத்தி எரிந்தால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் கம்பத்தில் ஏறும் லைன்மேனை நினைத்துப் பாருங்கள். துணை மின்நிலையத்தில் சப்ளையை நிறுத்திவிட்டார்கள், கம்பி செத்துவிட்டது என்று நம்பி ஏறுகிறார். கூடத்து மாடியிலிருந்து 230 வோல்ட் தெருக் கம்பிக்குள் திரும்பி வந்தால், டிரான்ஸ்பார்மர் அதைப் பின்பக்கமாக ஏற்றி 11,000 வோல்ட் ஆக்கிவிடும். டிரான்ஸ்பார்மருக்குத் திசை தெரியாது. கல்யாண ஜெனரேட்டரை ‘சேஞ்ச் ஓவர்’ சுவிட்ச் இல்லாமல் வீட்டு லைனில் சொருகுகிறவர்களால் வரும் ஆபத்தும் இதேதான். ஆகவே நிற்பது நியாயம்.

எப்படி நிற்கிறது என்பதில்தான் ருசி இருக்கிறது. தெருவில் கரண்ட் போய்விட்டது என்று, பேனல் மின்சாரத்தைத் தெருக் கம்பிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் பெட்டிக்கு எப்படித் தெரியும்? வோல்டேஜ் இறங்கினால் தெரியுமே என்பீர்கள். எப்போதும் இறங்காது. கூடத்து மின்விசிறிகள், பக்கத்து வீட்டு மோட்டார், எதிர்க்கடை ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து, அந்த நிமிடம் பேனல் தருகிற அளவையே இழுத்துக்கொண்டிருந்தால் வரவும் செலவும் சரியாகிவிடும். கம்பி அறுந்திருக்கும், 230 வோல்ட் அப்படியே நிற்கும், நொடிக்கு 50 சுழற்சியும் அப்படியே ஓடும். இன்வெர்ட்டர் எதுவும் நடக்காத மாதிரி வேலை செய்துகொண்டிருக்கும். தெருவே ஒரு தீவாகிவிட்டது அதற்குத் தெரியாது. இது அபூர்வம்தான். ஆனால் அபூர்வமான அந்த நிமிடத்தில் லைன்மேன் கம்பத்தில் இருக்கக்கூடும்.

இதற்கு இன்ஜினியர்கள் கண்டுபிடித்த தந்திரத்தைச் சொல்ல, டெல்டாக்காரர்களுக்கு நாகசுரக் கச்சேரியை விடப் பொருத்தமான இடம் கிடையாது. மேளக்காரர் செட்டில் ஓரமாகத் தாளம் போடும் பையன் ஒருவன் இருப்பான். தவில்காரர் காலப்பிரமாணத்தைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறார். பையன் அதை ஒட்டிப் போகிறான். இந்தப் பையன் ஒரு விஷமம் செய்கிறான்: ஒவ்வொரு தட்டையும் மயிரிழை முந்திப் போடுகிறான். தவில்காரர் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. அவர் அசையமாட்டார், அடுத்த தட்டுக்குள் பையன் வழிக்கு வந்தாக வேண்டும். முந்துகிறான், இழுபடுகிறான். இப்போது தவில்காரர் வெற்றிலை போட எழுந்து போய்விட்டார் என்று வையுங்கள். நாகசுரக்காரர் பையனையே நம்பி வாசிக்கிறார். பையன் மயிரிழை முந்த, பாட்டும் முந்துகிறது. முந்திய பாட்டைக் கேட்டு, ‘ஓ, காலப்பிரமாணமே இதுதான் போல’ என்று அவன் அதற்கும் மேலே முந்துகிறான். பாட்டு இன்னும் ஓடுகிறது. நாலு சுற்றில் மல்லாரி ஓட்டமெடுத்து, கெட்டிமேளம் என்று நினைத்து மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிடுவார். அதற்கு முன் பையன் ஒன்றைப் புரிந்துகொள்கிறான்: இவ்வளவு வேகமாகத் தவில் ஒருநாளும் போகாது, ஆகவே தவில் இல்லை. தாளத்தைக் கீழே வைத்துவிடுகிறான். (ஐயரிடம் முகூர்த்த நேரம் பார்த்துக்கொள்வது மாப்பிள்ளை பாடு.)

இன்வெர்ட்டர் செய்வது இதையேதான். ஒவ்வொரு அலையையும் துளி சீக்கிரம் முடித்துப் பார்க்கிறது. கம்பியில் உயிர் இருந்தால் அலைவெண் 50-ஐ விட்டு அசையாது. உயிர் இல்லையென்றால் வோல்டேஜ் இன்வெர்ட்டரின் பின்னாலேயே ஓடிவரும். அந்த ஓட்டத்தைப் பார்த்து இன்வெர்ட்டர் இன்னும் தள்ளும். அனுமதித்த எல்லையைத் தாண்டியதும் விழும். விலகல் எவ்வளவோ அவ்வளவுக்குத் தள்ளலையும் கூட்டும் இந்த முறையை அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்துப் பெயராலேயே அழைக்கிறார்கள். எல்லாத் தயாரிப்பாளரும் இதே வித்தையைச் செய்வதில்லை. சிலர் வேறு விதமாகச் சீண்டிப் பார்க்கிறார்கள். அடிப்படை ஒன்றுதான். கூட்டத்தில் இருக்கும்போது நிலையாகவும், தனியாக விட்டால் தடுமாறி விழும்படியும் வேண்டுமென்றே செய்த இயந்திரம் இது. தடுமாறாத இயந்திரம் செய்யத்தான் பொறியியல் என்று நினைத்திருந்த எனக்கு இது பிடித்துப்போனது.

இந்தப் பெட்டி சீண்டிப் பார்க்கும் ஆள், அதாவது நாட்டின் மின்கட்டமைப்பு, எவ்வளவு பெரியவர் தெரியுமா? காரைக்காலின் திருமலைராயன்பட்டினத்தில் 2000-லிருந்து இருக்கும் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் அந்தக் கூட்டத்தில் ஒரு மூலை. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாகத் தென்னகமும் அதில் இணைந்ததிலிருந்து நாடு முழுக்க ஒரே 50. 2024 மே 30 அன்று நாட்டின் உச்சத் தேவை 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. கூடத்து மாடியின் 5 கிலோவாட் அதில் ஐந்து கோடியில் ஒரு பங்கு. அசைக்க முடியாது என்று தெரிந்தேதான் தள்ளுகிறது.

ஒரு சிக்கலும் உண்டு. ஒரே தெருவில் ஒரு பெட்டி முந்தியும் இன்னொன்று பிந்தியும் தள்ளினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். தீவு தெரியாமல் போகலாம். வீட்டுக்கு வீடு சோலார் என்று முழங்குகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

    

புயலில் எரியும் கூடம் உலகத்தில் இல்லாமல் இல்லை. போர்ட்டோ ரிக்கோவின் அத்ஹுந்தாஸ் மலையூரில் ‘காசா புவெப்லோ’ என்று ஊர்க்காரர்களே நடத்தும் ஒரு பொது இல்லம். 1999-லிருந்தே சோலாரும் பேட்டரியும் வைத்திருந்தார்கள். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி தீவு முழுவதையும் இருட்டாக்கியபோது அங்கே விளக்கு எரிந்தது. மருத்துவக் கருவிக்கு மின்சாரம் தேடியவர்களும் போன் சார்ஜ் போட வந்தவர்களும் அங்கே வரிசை நின்றார்கள். ராஜஸ்தானில் 1972-ல் தொடங்கிய திலோனியா வெறுங்கால் கல்லூரி, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கே சோலார் பூட்டவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுத்திருக்கிறது. இரண்டு இடத்திலும் கம்பியை நம்பாமல் பேட்டரியை நம்பினார்கள்.

பேட்டரி என்றதும் துள்ளவும் வேண்டாம். பிகாரின் தர்ணை கிராமத்தில் 2014-ல் கிரீன்பீஸ் 100 கிலோவாட் சோலார் அமைத்தது. திறப்பு விழாவிலேயே ஊர்க்காரர்கள் ‘எங்களுக்கு அசல் கரண்ட் வேண்டும்’ என்றார்கள். அசல் கரண்ட், அதாவது கம்பி கரண்ட், வந்தது. பேட்டரிகள் சில ஆண்டில் ஓய்ந்தன. அந்த வளாகத்தில் மாடு கட்டியிருப்பதாகச் செய்திகள் வந்தன. திறப்பு விழாவுக்கு எல்லாரும் வருவார்கள். ஐந்தாவது ஆண்டு பேட்டரி மாற்ற யார் வருவார்?

ஆகவே கணக்கைச் சின்னதாகப் போடலாம். புயல் இரவில் கூடத்துக்கு என்ன வேண்டும்? 20 வாட் எல்இடி ட்யூப் ஆறு, 30 வாட் பிஎல்டிசி மின்விசிறி நான்கு, போன் சார்ஜ் போட ஒரு 60 வாட். மொத்தம் 300 வாட். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 3.6 யூனிட். 5 யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரி ஒன்றும், ‘ஹைபிரிட்’ இன்வெர்ட்டரும், அந்த விளக்கு விசிறிகளுக்கு மட்டும் தனி வயரிங்கும் போதும். ஹைபிரிட் பெட்டி முதலில் தெருக் கம்பியைத் துண்டித்துவிட்டு, பிறகு தானே காலப்பிரமாணம் பிடிக்கிறது, லைன்மேனுக்குத் தொந்தரவில்லை. டெல்டாவில் நல்ல நாளில் ஒரு கிலோவாட் பேனல் சுமார் 4 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் கால்வாசிதான் கிடைக்கிறது என்றாலும் 3 கிலோவாட் பேனல் இருந்தாலே 3 யூனிட்; ராத்திரியை ஏறக்குறைய ஓட்டிவிடலாம். ஏசி, கிரைண்டர் கனவுகளை விட்டுவிட வேண்டும்.

பணம் எங்கே என்றால், 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை தருகிறது. குடியிருப்போர் சங்கங்களின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000. மானியம் பேனலின் கிலோவாட்டைப் பார்த்துத்தான். பேட்டரி உங்கள் செலவு. ‘ஜீரோ பில்’ விளம்பரங்களில் இந்த வரி இருக்காது.

தொண்டர்கள் கைவைக்க நிறைய இருக்கிறது: ஸ்டாண்டு நிறுத்துவது, புயல்காற்று பேனலை அடியிலிருந்து தூக்காதபடி தளத்தில் போல்ட் இறக்குவது, உப்புக்காற்றுப் படிவைக் கழுவுவது. கை வைக்கக்கூடாத இடமும் உண்டு. பத்துப் பேனலைத் தொடராக மாட்டினால் 400 வோல்ட்டைத் தாண்டும் நேர்மின்சாரம். வெயில் இருக்கும்வரை பேனலிலேயே அதை அணைக்கச் சுவிட்ச் கிடையாது. சுமை ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் எழும் தீப்பொறி, வீட்டு மின்சாரத்தில்போல நொடிக்கு நூறு முறை தானாக அணைய வாய்ப்பில்லாமல் நின்று எரியும். அந்த வேலை உரிமம் பெற்றவருக்கு. இருவழி மீட்டர் மின்துறைக்கு.

பெட்டியை ஒப்படைக்கும் நாளில் உச்சி வேளையில் மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லிப் பாருங்கள். ஹைபிரிட் என்று விலை வாங்கியிருந்தால் விளக்கு எரியவேண்டும். ஆன்-கிரிட் என்றால் அணையவேண்டும். அணையாவிட்டால் பணம் தராதீர்கள். சுவிட்சை ஏற்றியதும் சோலார் உடனே சேராது. கம்பி நிதானமாகிவிட்டதா என்று குறைந்தது 60 நொடி, சில பெட்டிகள் 5 நிமிடம் வரை, பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குள் கம்பெனிக்கு போன் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம்.