3 மனாவில் முடியும் ஆட்டம்... தடுக்கிற செலவு யார் தலையில்?

ஒரு மேஜையில் 4 பேர். ஆளுக்கு 100 கார்டு, 40 உயிர்ப் புள்ளி. பார்த்தால் நிதானமாக ஓடும் ஆட்டம் மாதிரிதான் தெரியும். ஆனால் 2-வது, 3-வது டர்னிலேயே ஒருவர் 2 கார்டை இறக்கி ‘முடிஞ்சுது’ என்று சொல்லிவிட முடியும். ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி 1993-ல் வெளியான ‘மேஜிக்: த கேதரிங்’ விளையாட்டில் ‘கமாண்டர்’ என்றொரு வகை உண்டு. நண்பர்கள் ஜாலியாக ஆடுவதற்கென்று உருவானது. அதையே ஜெயிப்பது மட்டும் குறி என்று ஆடினால் அதற்குப் பெயர் சி.ஈ.டி.எச்.

அந்த 2 கார்டு என்ன?

அதிகம் பேசப்படும் ஜோடி ‘தாஸாஸ் ஆரக்கிள்’, ‘டெமோனிக் கன்சல்டேஷன்’. 2020-ல் வந்த ஆரக்கிளை இறக்கும்போது உங்கள் கட்டில் கார்டுகள் கிட்டத்தட்ட தீர்ந்திருந்தால் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். சாதாரணமாக அது நடக்காது. இங்கேதான் கன்சல்டேஷன் வருகிறது. ஒரு கார்டின் பெயரைச் சொல்லி, அது கிடைக்கும்வரை கட்டிலிருந்து கார்டுகளை ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். கட்டில் இல்லாத கார்டின் பெயரைச் சொன்னால்? மொத்தக் கட்டும் காலி. ஆரக்கிளின் பலன் நடப்பதற்குள் இதைச் செய்துவிட்டால் வெற்றி. இரண்டுக்கும் சேர்த்து 3 மனாதான் செலவு (மனா என்பது கார்டு போடத் தேவையான ஆற்றல்). எதிராளிகளின் 40 புள்ளியில் ஒன்றைக்கூடத் தொட வேண்டாம்!

சரி, தடுக்க முடியாதா? முடியும். ‘ஃபோர்ஸ் ஆஃப் வில்’ போன்ற கார்டுகளை மனா இல்லாமலே போடலாம். பதிலுக்கு 1 உயிர்ப் புள்ளியும் கையிலிருக்கும் இன்னொரு நீலக் கார்டும் போய்விடும்.

இருவர் ஆட்டத்தில் இது ரொம்ப சிம்பிள். தடுக்காவிட்டால் தோல்வி, அதனால் தடுத்தே ஆக வேண்டும். நால்வர் ஆட்டத்தில் கணக்கு மாறுகிறது. ‘ஏ’ காம்போவை ஆரம்பிக்கிறார். பதில் சொல்லும் வாய்ப்பு வரிசையாக பி, சி, டி என்று போகும். பி-யிடம் தடுப்பு இருந்தும், ‘பின்னால் ரெண்டு பேர் இருக்காங்களே’ என்று சும்மா இருந்துவிடலாம். சி-யும் அப்படியே. கடைசி ஆளான டி-யின் கழுத்தில் கத்தி. அவர் 2 கார்டை இழந்து எல்லோரையும் காப்பாற்றுவார். மற்ற இருவருக்கும் அது இலவசம். டி-யிடம் தடுப்பு இல்லாவிட்டால்? ஆட்டம் அங்கேயே காலி.

அதனால்தான் பேச்சு தொடங்குகிறது. ‘உன்கிட்ட இருக்கா?’, ‘நான் தடுக்கிறேன், அடுத்த டர்ன்ல என்னைத் தொடாதே’. கையிலிருக்கும் கார்டைப் பற்றிப் பொய் சொல்ல விதி அனுமதிக்கிறது. விரும்பினால் கையைத் திறந்து காட்டவும் செய்யலாம். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

டிரா என்ற ஆயுதம்

பல போட்டிகளில் வெற்றிக்கு 5 புள்ளி, டிராவுக்கு ஆளுக்கு 1, தோல்விக்கு 0. அதே டி-யை எடுத்துக்கொள்வோம். அவரிடம் ஒரே ஒரு தடுப்பு. அதைப் போட்டால் ஏ நிற்பார், ஆனால் அடுத்த டர்னில் பி ஜெயிப்பார் என்று தெரிகிறது. எப்படியும் டி-க்கு 0. அப்போது அவர் ஏ-யிடம் சொல்வார்: ‘உன்னை நிறுத்த என்கிட்ட கார்டு இருக்கு, டிராவுக்கு ஒத்துக்கோ’. உடனே பி, சி பக்கம் திரும்பி: ‘ஒத்துக்கலைன்னா நான் தடுக்க மாட்டேன், அவரே ஜெயிக்கட்டும்’. ஒரே கார்டை வைத்து இரண்டு எதிரெதிர் மிரட்டல்! இழக்க ஒன்றுமில்லாதவர் சொல்வதால் இரண்டுமே நம்பும்படி இருக்கிறது.

இது ராஜதந்திரமா, பிளாக்மெயிலா என்பதில் ஆட்டக்காரர்களிடையே கடும் சண்டை. டி-யைத் திட்டுவதில் அர்த்தமில்லை. 0-வுக்குப் பதில் 1 கிடைக்கும் என்றால் யாராக இருந்தாலும் கேட்கத்தான் செய்வார்கள். டிராவுக்குப் புள்ளி தரும் முறையே அந்தப் பேரத்துக்கு விலை வைத்துவிடுகிறது.

வேகத்தைக் குறைக்கும் முயற்சியும் நடந்தது. 2024 செப்டம்பர் 23 அன்று ‘மனா கிரிப்ட்’, ‘ஜூவல்டு லோட்டஸ்’ போன்ற, ஆரம்பத்திலேயே மனாவைக் கொட்டும் கார்டுகளைக் கமாண்டர் விதிக்குழு தடை செய்தது. அவை விலை உயர்ந்த கார்டுகள். குழுவினருக்கு மிரட்டல்கள் வந்தன. ஒரே வாரத்தில் பொறுப்பு, விளையாட்டை வெளியிடும் ‘விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்’ நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்தத் தடைப் பட்டியலில் ஆரக்கிள் இல்லை.

மேஜைப் பேச்சுக்கு எல்லையே கிடையாதா? உண்டு. எல்லோரும் பேசி டிரா செய்துகொள்ளலாம். ஆனால் அதற்குப் பணமோ பரிசில் பங்கோ தருவதாகச் சொன்னால் அது லஞ்சம், தண்டனை உண்டு. இன்னொன்று கடிகாரம். பேரம் இழுத்துக்கொண்டே போய் நேரம் முடிந்தால், அதுவும் பெரும்பாலும் டிராதான்.