செல்லப் பிராணிக்குத் தின்பண்டம்: எது, எவ்வளவு?

போத்தனூரில் நம்மவர்கள் குடியிருக்கும் தெருக்களில் பூனை வந்து போகாத வீட்டைக் காண்பது அரிது. வளர்ப்பதாக எவரும் சொல்லிக் கொள்வதில்லை. அதுவாக வந்தது, இருந்து விட்டது. வெள்ளிக்கிழமைப் பிரியாணியில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஹஜ்ஜுப் பெருநாளன்றோ கேட்கவே வேண்டியதில்லை. கறி நறுக்குமிடத்தில் ஒதுக்கப்படும் கொழுப்பெல்லாம் அதன் தட்டுக்குத்தான் போகும். அந்தப் பங்கைப் பற்றித்தான் இங்கே உங்களுடன் பேச விரும்புகிறேன்.

ஒரு பெண் பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவளிக்காமல், பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தின்னவும் விடாமல் சாக விட்டதால் தண்டனைக்கு ஆளானாள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை மத்ரஸாவில் ஓதும் சிறுவனும் அறிவான். ஆகவே வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுவது பாவம் என்னும் அச்சம் நம் இல்லங்களில் வேரூன்றியிருக்கிறது. அது இருக்க வேண்டியதே. ஆயினும், கேட்கும் போதெல்லாம் கொடுப்பதே கருணை என்று எண்ணி மறு எல்லைக்குச் சென்று விடுகிறோம். விளைவு என்ன? வயிறு தரையைத் தொட, ஜன்னல் திண்டில் ஏற முடியாமல் நிற்கும் பூனைகள். நீரிழிவும் மூட்டு நோயும் மனிதருக்கு மட்டுமே உரியவை அல்ல. பருத்த பூனைக்கும் அவை வருகின்றன.

கணக்கைச் சற்றுப் பாருங்கள். நான்கு கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 முதல் 250 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் தின்பண்டமாகக் கொடுக்கலாகாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் விதி. அதாவது 20, 25 கலோரி. ஆட்டுக் கொழுப்பில் பத்து கிராம் துண்டொன்றே 60 கலோரியைத் தாண்டி விடும். ஆனால் தோல் நீக்கி, உப்பின்றி வேகவைத்த கோழியின் நெஞ்சுக் கறியில் 15 கிராம் கொடுத்தாலும் 25 கலோரிதான். சுண்டு விரல் அளவில் இரண்டு துண்டுகள். அதையும் பிய்த்துப் பிய்த்துப் போட்டால் பூனைக்குப் பெரும் விருந்து.

எங்கள் மத்ரஸாவிற்கு வரும் பிள்ளைகள் வாசலில் படுத்திருக்கும் பூனைக்கு வர்க்கியும் பன்னும் பிய்த்துப் போடுவது வழக்கம். "இனிப்பென்றால் அதற்கு உயிர் உஸ்தாத்" என்று உறுதியாகக் கூறுவார்கள். உண்மை வேறு. பூனையின் நாவுக்கு இனிப்பு தெரியவே தெரியாது. இனிப்பை உணர வேண்டிய மரபணுக்களுள் ஒன்று பூனை இனத்தில் செயலிழந்து கிடப்பதை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள மோனெல் ஆய்வு நிலையத்தார் 2005-இல் கண்டறிந்தனர். வர்க்கியை அது நக்குவது அதிலுள்ள கொழுப்பின் மணத்திற்காக. நம் நாவின் ஆசையை அதன் தட்டில் வைக்கிறோம் என்பதே பொருள்.

பிரியாணிக்கு வருவோம். அதிலுள்ள நெய் ஒரு புறமிருக்க, அதனினும் கேடானவை வெங்காயமும் பூண்டும். இவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். வேக வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மசாலாவைக் கழுவி விட்டுக் கொடுத்தாலும் சாறு கறியினுள் இறங்கியிருக்கும் அல்லவா? சமையலுக்குக் கறியை வேக வைக்கும் முன்பே பூனையின் பங்கைத் தனியே எடுத்து வைப்பதே சரியான முறை. வெந்த எலும்பையும் போடாதீர்கள். அது கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கக் கூடும். பால் பற்றியும் ஒரு சொல்: வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. வயிற்றுப்போக்கிற்குக் காரணம் தேடுவோர் முதலில் பால் கிண்ணத்தைப் பார்க்கட்டும்.

மீன் கொடுக்கலாம். உக்கடம் மீன் அங்காடியிலிருந்து வாங்கி வருவோர் தலையையும் குடலையும் பச்சையாகவே வீசுகின்றனர். மத்தி, நெத்திலி போன்ற சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து தின்றால் பூனையின் உடலில் 'பி1' வைட்டமின் அழியும். வேக வைத்தால் அக்குறை நீங்கும். மத்தியில் எண்ணெய் மிகுதி என்பதால் சிறு துண்டு போதும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். ஈரல் வாரம் ஒரு முறை, கட்டைவிரல் நகமளவு. கடைப் பொட்டலம் வாங்குவோர் அதன் பின்புறம் அச்சிட்டிருக்கும் கொழுப்பின் விழுக்காட்டைப் பாருங்கள். வெறுமனே 'இறைச்சி' என்றிருந்தால் எப்பிராணியின் இறைச்சி என்று அறிய வழியில்லை. கோழி, மீன் என்று பெயர் குறித்தவற்றை வாங்குவது நம் வீட்டிற்குப் பொருத்தம்.

கொழுப்பைக் குறைப்பதென்றால் தயிர்ச்சோற்றில் நிறுத்தி விடலாம் என்று எண்ணி விடாதீர்கள். டாரின் என்னும் சத்து பூனைக்கு இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் கிடைத்தாக வேண்டும். அது குறைந்தால் பூனையின் இதயம் பலவீனமுற்று வீங்குவதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987-இல் நிறுவினர். பருத்த பூனையை இளைக்க வைக்கிறேன் என்று பட்டினி போடுவதும் ஆபத்து. இரண்டு மூன்று நாள் உண்ணாவிட்டால் உடற்கொழுப்பு கல்லீரலில் வந்து குவிந்து உயிருக்கே உலை வைக்கும். சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். விலாவைத் தடவினால் எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது.

தண்ணீரை மறந்து விடுகிறோம். அபூ கதாதா (ரலி) அவர்கள் தாம் ஒளூச் செய்ய வைத்திருந்த பாத்திரத்தைப் பூனை குடிப்பதற்காகச் சாய்த்துக் கொடுத்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பூனை பாலை நிலத்துக் காட்டுப் பூனையின் வழிவந்தது. தானாகக் குறைவாகவே குடிக்கும். உப்பிடாத கோழி வேகவைத்த நீரை ஆறவிட்டு, மேலே உறையும் கொழுப்பை வழித்தெடுத்து விட்டு ஊற்றிப் பாருங்கள். கொழுப்பு ஏறக்குறைய அறவே இல்லாத இதைவிட நல்ல தின்பண்டத்தை நான் அறியேன்.

கூண்டுப் பறவைகள் வைத்திருப்போருக்குச் சில வரிகள். பச்சைக்கிளியைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைப் பற்றிப் பேச்சில்லை. 'லவ் பேர்ட்ஸ்' என்று நாம் வாங்கும் சிறு பறவைகளுக்குச் சூரியகாந்தி விதையைக் கொட்டி வைக்கிறார்கள். அதன் பருப்பில் பாதி கொழுப்பு! நம் கொங்கு நாட்டுத் தினையில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே. தினையோடு கொத்தமல்லித் தழையோ முருங்கைக் கீரையோ செருகி வைத்தால் போதும். பட்டர் ஃப்ரூட் மட்டும் கூடவே கூடாது. பறவைக்கு அது நஞ்சு.

பெருநாளுக்குச் சில நாள் முன்பே வாங்கிக் கட்டும் குர்பானி ஆடும் அந்நாட்களில் பிள்ளைகளின் செல்லமே. ஆளுக்கொரு கையாகச் சோறு, இட்லி மாவு, பிஸ்கட் என ஊட்டுவார்கள். தழை தின்று பழகிய இரைப்பையில் இவை திடீரென நிறைந்தால் புளித்து அமிலமாகி, ஓரிரு நாளில் ஆடு மடிந்தே போகலாம். பிள்ளைகள் கையில் அகத்திக் கீரையையோ வேலியோரக் கிளுவைத் தழையையோ கொடுங்கள்; காங்கயத்துப் பக்கம் கொறங்காடுகளில் உதிரும் வெள்வேலங்காய் சிறிது கிடைத்தால் ஆடு ஓடி வரும். அசை போடுவதை நிறுத்தி, பல்லைக் கடித்துக் கொண்டு, இடப்பக்க வயிறு உப்பி நின்றால் கை வைத்தியம் பார்த்துக் கொண்டிராமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.