பெட்டியில் எழுதிய வாட்ஸும் காதுக்குக் கேட்கும் சத்தமும்

இந்தப் பத்தியில் அரிசி மொத்த வியாபாரம், புடவைக் கடைக் கடன், பேக்கரிக்காரர்களின் மாக் கணக்கு என்று பலருடைய தொழிலைப் பற்றி எழுதிவிட்டேன். சொந்தத் தொழிலைப் பற்றி ஏன் எழுதுவதில்லை என்று பிபிலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். மொனராகலை நகரில் வாகனங்களுக்கு ரேடியோ செட், ஸ்பீக்கர், ஹோர்ன், விளக்கு விற்றுப் பூட்டிக் கொடுக்கும் கடை என்னுடையது. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிறது. அதில் பெரும்பகுதிக் காலம் நான் விற்றது என்ன என்று யோசித்தபோது எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதனால்தான் தள்ளிப்போட்டு வந்தேன்.

நான் விற்றது வாட்ஸ். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் மொத்தமாக வாங்கி வரும் பெட்டிகளின் மேல் 1000 வாட்ஸ், 1800 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். வாங்க வருகிறவர் அதைத்தான் பார்ப்பார். நானும் அதைத்தான் காட்டுவேன். கூடிய இலக்கத்துக்குக் கூடிய விலை. இரண்டு பேருக்கும் வேலை சுலபம்.

அந்த இலக்கத்தைச் சோதிக்க மீட்டர் தேவையில்லை. பெட்டியைத் திருப்பி பியூஸைப் பார்த்தால் போதும். 20 அம்பியர் பியூஸ் போட்ட ஓர் அம்ப்ளிபயருக்குள், வாகனம் ஓடும்போது கிடைக்கும் 14 வோல்ட் அளவில், 280 வாட்ஸுக்கு மேல் தொடர்ந்து மின்சாரம் போக முடியாது. போனால் பியூஸ் எரிந்துவிடும். உள்ளே போனதிலும், சாதாரண அம்ப்களில், ஏறத்தாழப் பாதி சூடாகவே போய்விடும். மிச்சம் 150 வாட்ஸ் அளவில்தான். 280 உள்ளே போகும் பெட்டியிலிருந்து 1000 வெளியே வருமா? கல்லாவில் உட்கார்ந்து பழகிய எவருக்கும் இந்தக் கணக்கு விளங்கும். எனக்கும் விளங்கித்தான் இருந்தது. இன்னொன்றும் உண்டு. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாவதில்லை, சற்றே கூடும், அவ்வளவுதான். காதுக்கு இரட்டிப்பாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் தேவை.

2019 ஏப்ரலுக்குப் பிறகு எமது கடைகளில் ஆள் குறைந்த கதை வாசகர்கள் அறிந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022 மார்ச் முதல் வாரத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. என் தட்டில் இருந்த கடைசி நான்கு செட்டை விற்றால் அதே காசுக்குத் திரும்ப இரண்டுதான் வாங்க முடியும் என்ற நிலை. விற்காமல் வைத்திருந்தேன். கடையைத் திறந்து வைத்து, சரக்கை விற்காமல் காவல் காத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

அந்த நாட்களில்தான் சியம்பலாண்டுவப் பக்கத்துச் சாரதி ஒருவர் வந்தார். கேடிஎச் வேன் வைத்து அறுகம்பைக்கு வெள்ளைக்காரப் பயணிகளை ஏற்றி இறக்குகிறவர், என்னுடைய பழைய வாடிக்கையாளர். 2018 இல் நான்தான் அவருக்கு முழு செட்டும் பூட்டிக் கொடுத்தேன். நான்கு ஸ்பீக்கர், அம்ப்ளிபயர், பின் சீட்டுக்குக் கீழே சப்வூபர். நல்ல பில். "முதலாளி, பாட்டுப் போட்டுப் பத்து நிமிஷத்தில நிப்பாட்டச் சொல்றாங்க. சொல்றது விளங்கல்ல என்று நான் சத்தத்தைக் கூட்டினா இன்னும் மோசம். ராவைக்கு எனக்கே காது இரையுது. வேற செட் போடுவோம்" என்றார். விலையைச் சொன்னேன். வேனுக்கு டீசல் வாங்கவே வரிசையில் நிற்கிற காலம். மனிதர் ஒன்றும் பேசவில்லை.

என் தங்கையின் மகன் கட்டாரில் வாகன எலெக்ட்ரிக் வேலை செய்து, கொரோனாவோடு ஊர் திரும்பி என் கடையில் நின்றான். அவன் வேனுக்குள் ஏறி ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு இறங்கி, "மாமா, செட்டில பிழையில்ல. பூட்டினதிலதான் பிழை" என்றான். பூட்டியது நான்.

ஒரு டோர்ச் பெட்டரியும் இரண்டு துண்டு வயரும் எடுத்தான். ஸ்பீக்கரின் கூட்டல் முனையில் பெட்டரியின் கூட்டலையும், கழித்தல் முனையில் கழித்தலையும் ஒரு கணம் தொட்டால் நடுக் கூம்பு வெளியே தள்ள வேண்டும். ரேடியோப் பக்கத்து வயரிலிருந்து அப்படித் தொட்டபோது வலது டோர் ஸ்பீக்கர் வெளியே தள்ளியது, இடது டோர் ஸ்பீக்கர் உள்ளே இழுத்தது. வயர் மாறிப் பூட்டப்பட்டிருந்தது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் கனத்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முன்னால் பேஸ் இல்லை என்று அன்று நானே பின்னால் சப்வூபரை முழுதாகக் கூட்டி வைத்தேன். அது பேசும் குரலை மூடியது. குரல் விளங்கவில்லை என்று சாரதி ட்ரெபிளைக் கூட்டினார். அது காதைக் குத்தியது. ஒரு சோடி வயரில் தொடங்கிய பிழை நான்கு வருடமாக அந்த வேனுக்குள் வளர்ந்திருந்தது.

சொல்லாமல் வயரை மாற்றிப் பூட்டிவிட்டு, "செட்டைச் சரிபார்த்தோம்" என்று காசு வாங்கியிருக்கலாம். சாரதி வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மருமகன் என் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. நான் வெளியே போய்ச் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நாலு வருஷம், முதலாளி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் முழுக்க அந்த வேனில்தான் வேலை. டோர் பெனலைக் கழற்றி, உள்ளே ஆடிக்கொண்டிருந்த வயர்களுக்கு ஸ்பொஞ்ச் சுற்றி, பெரிய துவாரங்களை மூடினோம். கதவு என்பது ஸ்பீக்கருக்குப் பெட்டி மாதிரி. பெட்டியில் ஓட்டை இருந்தால் முன்பக்க ஒலியைப் பின்பக்க ஒலி வந்து கெடுக்கும். பிறகு கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே போகாமல் தடுத்து, அந்தக் கனத்த வேலையை சப்வூபரிடம் மட்டும் விட்டோம். அம்ப்ளிபயரில் 'கெயின்' என்று ஒரு திருகு இருக்கிறது. அதைச் சத்தம் கூட்டும் திருகு என்று நினைத்துக் கடைசிவரை திருகுவது எமது கடைக்காரர்களின் பெரிய பிழை. ரேடியோவை முக்கால் அளவில் வைத்து, ஒலி கரகரக்கத் தொடங்கும் இடம்வரை திருகி, அங்கிருந்து சற்றுப் பின்வாங்க வேண்டும். அந்தக் கரகரப்போடு ஓட விட்டால்தான் ட்வீட்டர்கள் எரிகின்றன. எரிந்ததும் இன்னும் கூடிய வாட்ஸ் ட்வீட்டர் விற்போம், அது வேறு கதை.

எனக்குப் புதிதாக இருந்தது அளவு நாடா. சாரதி உட்காரும் இடத்தில் தலை இருக்கும் உயரத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை மருமகன் அளந்தான். எமது வாகனங்களில் சாரதி வலப்பக்கம். வலது ஸ்பீக்கர் மூன்றடி, இடது நாலரை அடி. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீற்றர் போகிறது. அந்த ஒன்றரை அடிக்கு அது எடுக்கும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் சற்றுக் கூட. அவ்வளவு சிறிய வித்தியாசத்தையும் காது பிடித்துக்கொண்டு, பாடகர் வலது கதவுக்குள் நின்று பாடுவதாகவே கேட்கிறது. பல ரேடியோ செட்களில் இந்தத் தூரத்தைச் சென்ரிமீற்றரில் போடுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. போட்டால் கிட்ட உள்ள ஸ்பீக்கரைச் சற்றுத் தாமதிக்க வைத்து, இரண்டையும் ஒன்றாகக் காதுக்குக் கொண்டு வரும். நான் விற்ற எத்தனையோ செட்டில் அது இருந்தது. ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

கடைசியாகத்தான் ஈக்குவலைசர். மருமகன் எதையும் கூட்டவில்லை, கூடியிருப்பதைக் குறைத்தான். சோதித்துப் பார்க்க அவன் பாட்டுப் போட்டான், நான் இலங்கை வானொலி முஸ்லிம் சேவையைப் பிடித்தேன். வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய பேச்சுக் குரலைவிட நல்ல மீட்டர் எனக்குத் தெரியாது. நெஞ்சுக்குள்ளிருந்து உறுமாமலும், 'ஸ' எழுத்து விசிலடிக்காமலும், டாஷ்போர்டுக்கு நடுவில் ஒருவர் உட்கார்ந்து பேசுவது மாதிரிக் கேட்டது. பிறகு புத்தளப் பாதையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தோம். கடை வாசலில் சரியாக இருந்த பேஸ் ஓட்டத்தில் காணாமல் போனது. டயரும் பாதையும் போடும் இரைச்சல் கனத்த ஒலியைத்தான் முதலில் விழுங்கும். மெதுவாகப் போட்டுக் கேட்கும்போது காதுக்கும் பேஸ் குறைவாகவே படும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிளெட்சரும் மன்சனும் 1933 இலேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். ஆகவே ஓட்டத்துக்கென்று சப்வூபரைச் சற்றுக் கூட்டி, நிற்கும்போது குறைத்துக்கொள்ளச் சாரதிக்குக் காட்டிக் கொடுத்தோம். நின்ற இடத்தில் மட்டும் கேட்டுப் பார்த்து வாகனத்தைக் கொடுப்பது பாதி வேலைதான்.

காது இரைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு எட்டு மணித்தியாலம் வரைதான் கேட்கலாம் என்பது அமெரிக்காவின் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனத்தின் வரையறை. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணித்தியாலம்தான். மொனராகலையிலிருந்து கொழும்புக்கு ஆறேழு மணித்தியாலம் ஓட்டுகிற பஸ் சாரதிகளை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கும் நான் செட் விற்றிருக்கிறேன்.

பில் போடும் நேரம் வந்தது. வயர் மாற்றியதற்கு நான் காசு கேட்க முடியாது. மற்ற வேலைக்கு? ஒரு பொருளும் விற்கவில்லை, பெட்டி இல்லை, உத்தரவாத அட்டை இல்லை. ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் போய், இரண்டு வாரத்தில் அறுகம்பை ஓடும் இன்னும் இரண்டு வேன்காரர்களோடு வந்தார். அவர்களிடம் 3000 ரூபா வீதம் கேட்டேன். ஒருவர் கொடுத்தார். மற்றவர், "ஒன்றும் போடல்லையே, எதுக்கு மூவாயிரம்?" என்றார். இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்காத கடைக்காரர் கூலி வாங்க முடியாது. நான் ஒரு வழி கண்டேன். வேலை தொடங்குமுன் வாடிக்கையாளரைச் சாரதி ஆசனத்தில் இருத்தி, அவருக்குப் பிடித்த ஒரு பாட்டைக் கேட்க வைப்பேன். முடிந்ததும் அதே பாட்டு, அதே ஆசனம், அதே அளவுச் சத்தம். அதன் பின்பே விலை. சத்தத்தைக் கூட்டி வைத்துக் காட்டினால் எதுவும் நன்றாகத்தான் கேட்கும். அந்தப் பழைய தந்திரம் எனக்கும் தெரியும்.

வெளிநாடுகளில் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். அமெரிக்காவில் கல்வின் சகோதரர்கள் 1930 இல் 'மோட்டரோலா' என்ற பெயரில் வாகன ரேடியோ விற்றபோது, வாகனத்துக்குள் ஏதாவது கேட்டாலே அதிசயம். 1983 மாடல் கடிலாக் வந்தபோது போஸ் கம்பனி அந்தந்த வாகனத்தின் உட்பகுதிக்கென்றே அளந்து செய்த செட்டை ஜெனரல் மோட்டர்ஸுக்குக் கொடுத்தது. கண்ணாடி ஒலியைத் திருப்பி அடிக்கும், சீட் உறை விழுங்கும், ஒவ்வொரு வாகனமும் ஒவ்வொரு விதம். அந்த அளவுக்குத்தான் அவர்கள் விலை வாங்கினார்கள்.

ஜப்பான் ரீகண்டிஷன் வாகனங்களிலும் நாங்கள் ஒரு அநியாயம் செய்திருக்கிறோம். அங்கே எப்எம் 76 இல் தொடங்கி 90 இல் முடியும், பிந்திய செட்களில் 95. எமது நிலையங்கள் 108 வரை போகின்றன. "இந்த செட் இங்கே வேலை செய்யாது" என்று சொல்லி, வாகனத்தோடு வந்த நல்ல செட்டைக் கழற்றிவிட்டு எங்களுடையதைப் பூட்டுவோம். ஒரு சிறிய பேண்ட் எக்ஸ்பாண்டரைப் போட்டிருந்தாலே பலருக்குப் போதுமாக இருந்திருக்கும். சில நிலையங்கள் கலந்து கேட்கும் என்பது உண்மை. ஆனால் அதையும் சொல்லி, தெரிவை அவரிடம் விட்டிருக்க வேண்டும்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பவும் தொடங்கியது. தட்டில் இப்போது சரக்கு இருக்கிறது. ஆனாலும் பெட்டியில் கிடைக்கும் இலாபம் பழைய இலாபம் இல்லை. கொழும்பு விலையை வாடிக்கையாளர் போனிலேயே பார்த்துவிட்டு வருகிறார். பசறைப் பக்கத் தோட்டங்களிலிருந்தும் பெட்டியைக் கையோடு வாங்கி வந்து, "நானா, பூட்டிச் சரிபண்ணி மட்டும் தாங்க" என்கிறார்கள். முன்பு அப்படி வந்தால் எனக்குக் கோபம் வரும். இப்போது கூலியைச் சொல்லி வண்டியை உள்ளே எடுக்கச் சொல்கிறேன். சென்ற மாதம் எங்கள் ஹஸரத் தன் பழைய காரைக் கொண்டு வந்தார். புது ஸ்பீக்கர் ஒன்றும் போடவில்லை, கிராஅத்தில் ஓதுபவர் மூச்சு எடுப்பதுகூட இப்போது கேட்கிறது என்று சொல்லி, நான் வேண்டாமென்றும் முழுக் கூலியையும் வைத்துவிட்டுப் போனார்.

போன கிழமை ஒரு பையன் சின்ன ஆல்டோ காரோடு வந்தான். பன்னிரண்டு அங்குல சப்வூபர் இரண்டு வேண்டும், 2000 வாட்ஸ் வேண்டும் என்றான். பியூஸைக் காட்டினேன். மருமகன் அளவு நாடாவையும் எடுத்து வந்தான். பையன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு கடை தள்ளிப் போய் வாங்கினான். அன்று மஃரிபுக்குக் கடையை மூடும்போது அந்தக் கார் வெல்லவாயப் பக்கம் போனது. எங்கள் கடைத் தட்டில் இருந்த கண்ணாடிகள் அதிர்ந்தன. "இடது பக்கம் வயர் மாறியிருக்கு, மாமா" என்றான் மருமகன்.