விதையிலும் தாய் மரமே: வீட்டுத் தோட்டத்தில் மங்குஸ்தான்

மங்குஸ்தான் தென்கிழக்கு ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட பழமரம். குடம்புளியின் நெருங்கிய உறவு. தமிழ்நாட்டில் நீலகிரி அடிவாரத்துக் கல்லாறு, பர்லியாறு பழப்பண்ணைகளிலும் குற்றாலம், கன்னியாகுமரி வட்டாரங்களிலும் காய்க்கிறது. ஈரக்காற்றும் ஆண்டு முழுதும் மண்ணில் ஈரமும் வேண்டும். வறண்ட காற்று வீசும் ஊர்களில் இலை நுனி கருகும், வளர்ப்பது கடினம்.

சாகுபடியில் காணப்படுபவை பெண் மரங்களே. மகரந்தச் சேர்க்கை இல்லாமல், தாயின் திசுவிலிருந்தே விதை உருவாகிறது. மாங்கொட்டையை நட்டால் என்ன பழம் வரும் என்று சொல்வது கடினம். மங்குஸ்தான் நாற்றோ தாய் மரத்தின் குணத்தை அப்படியே கொண்டுவரும். அதனால் நல்ல பழம் வேண்டி ஒட்டுக்கட்டத் தேவையில்லை.

ஒரு பழத்தில் நான்கு முதல் எட்டுச் சுளைகள் வரை இருக்கும். பழத்தின் அடியில் பூப்போலத் தெரியும் இதழ்களை எண்ணினாலே உள்ளே எத்தனை சுளை என்று தெரிந்துவிடும். பெரிய சுளை ஒன்றிரண்டில்தான் முழு விதை கிடைக்கும். ஒரு கிராமுக்கு மேல் எடையுள்ள விதையே திடமான நாற்றைத் தரும். விதை காய்ந்தால் சில நாள்களிலேயே முளைப்புத் திறன் போய்விடும். ஆகவே சதையைக் கழுவியகற்றி, வெயிலில் உலர்த்தாமல் உடனே விதைக்க வேண்டும். உடனே முடியாவிட்டால், ஈரமான தென்னை நார்க்கழிவில் சில வாரம் வைத்திருக்கலாம்.

நாற்றின் ஆணிவேர் ஆழமாக ஓடும். பக்கவேர்கள் மிகக் குறைவு. வேர் அறுந்தால் செடி தேறுவது அரிது. எனவே உயரமான பாலித்தீன் பையில் செம்மண், மணல், மட்கிய தொழு உரக் கலவையை நிரப்பி, அதிலேயே விதைப்பது நல்லது. இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கத் தொடங்கும். வளர்ச்சி மெதுவானது, ஓரடி உயரம் எட்டவே ஏறத்தாழ இரண்டு ஆண்டாகும். பிறகு மழைக்காலத் தொடக்கத்தில், மண்கட்டி உடையாமல் குழியில் நட வேண்டும். முதல் சில ஆண்டுகளுக்கு நிழல் அவசியம். வாழை நட்டோ நிழல்வலை கட்டியோ தரலாம். தூரில் சருகு மூடாக்கு இட்டால் ஈரம் நிற்கும். ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது.

விதைக்கன்று காய்க்க ஏழு முதல் பத்து ஆண்டு, சில இடங்களில் அதற்கும் மேல் ஆகும். இக்காத்திருப்பைக் குறைக்கவே மென்தண்டு ஒட்டு கட்டுகிறார்கள். வேர்ச்செடியாக மங்குஸ்தான் நாற்றையே பயன்படுத்துவர். ஒட்டுத்தண்டை நேராக மேல்நோக்கி வளரும் கிளையிலிருந்து எடுக்க வேண்டும். பக்கக்கிளையிலிருந்து எடுத்தால் மரம் ஒருபக்கமாகச் சாய்ந்து படரும். தண்டுத் துண்டும் விண்பதியனும் எளிதில் வேர்விடுவதில்லை.

ஒட்டுமரம் சில ஆண்டு முந்திக் காய்க்கும். ஆனால் குட்டையாக நின்று, விதைமரத்தைவிடக் குறைவாகவே காய்க்கும். இடம் குறைந்த வீட்டுக்கு ஒட்டுக்கன்று பொருந்தும். சுற்றிலும் பதினைந்து அடியாவது விட முடிந்தவர்களுக்கு விதைக்கன்றே ஏற்றது.