இரத்தத்தில் பாஸ்பேட்: நீல நிறம் சொல்லும் கணக்கு

ஆரணி வட்டாரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? சாயத்தில் தோய்த்து எடுத்த நூலை ஒரு மாதிரி நூலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சாயம் குறைந்திருந்தால் நிறம் வெளுத்திருக்கும், கூடியிருந்தால் அடர்ந்திருக்கும். நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு பொருளின் அளவை அறியலாம் என்னும் இந்த எளிய உண்மையே, ஒருவருடைய இரத்தத்தில் எவ்வளவு பாஸ்பேட் இருக்கிறது என்பதையும் மருத்துவருக்குச் சொல்கிறது.

பாஸ்பேட் எங்கே இருக்கிறது?

ஒரு பாஸ்பரஸ் அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த அயனியே பாஸ்பேட். வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் 700 கிராம் பாஸ்பரஸ் உண்டு. அதில் நூற்றுக்கு 85 பங்கு எலும்பிலும் பல்லிலும் கால்சியத்தோடு சேர்ந்திருக்கிறது. மீதியில் பெரும்பகுதி செல்களுக்குள்ளே இருக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஓடுவது மிகச் சொற்பமே.

பால், முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றின் வழியாக பாஸ்பேட் உடலுக்குள் வருகிறது. தேவைக்கு மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. எனவே இரத்தத்தில் ஓடும் அந்தச் சொற்ப அளவு ஏறினாலும் இறங்கினாலும், உடலில் எங்கோ கோளாறு இருக்கலாம் என்று பொருள்.

நிறமில்லாததற்கு நிறம் கொடுத்தவர்

பாஸ்பேட் அயனிக்கு நிறமில்லை. அப்படியானால் அதை நிறத்தால் அளப்பது எப்படி? இதற்குச் சிறந்த வழி கண்டவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்த இவர், 1923இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து 1925இல் வெளியிட்ட முறை ‘ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை’ என்றே உலகெங்கும் வழங்குகிறது.

முதலில் இரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்து, புரதங்களை அமிலத்தால் வீழ்படியச் செய்து வடிகட்டுகிறார்கள். தெளிந்த நீரில் அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்த்தால், அது அமிலத்தில் பாஸ்பேட்டுடன் கூடி பாஸ்போமாலிப்டேட் ஆகிறது. பிறகு ஓர் ஒடுக்கும் பொருளைச் சேர்த்ததும் அழகிய நீல நிறம் தோன்றுகிறது. இதன் பெயர் மாலிப்டினம் நீலம். பாஸ்பேட் எவ்வளவோ அவ்வளவு நீலம்.

ஒளி செய்யும் வேலை

நீலக் கரைசல் சிவப்பு ஒளியை உட்கவர்கிறது. நிறமானி என்னும் கருவியில் சிவப்பு ஒளியைக் கரைசலின் வழியே செலுத்தி, எவ்வளவு உட்கவரப்பட்டது என்று ஒளி மின்கலத்தால் அளக்கிறார்கள். பீர்-லாம்பர்ட் விதிப்படி, ஒளி கடக்கும் தூரம் மாறாதபோது உட்கவர் எண் கரைசலின் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். 100 மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் பாஸ்பரஸ் உள்ள படித்தரக் கரைசலின் உட்கவர் எண் 0.25 என்க. நோயாளியின் மாதிரிக்கு அது 0.20. அப்படியானால் அளவு 5 × 0.20 ÷ 0.25 = 4 மில்லிகிராம். படித்தரக் கரைசல் இல்லாவிட்டால் இந்தக் கணக்கே இல்லை! இன்றைய தானியங்கிக் கருவிகள் பலவற்றில் நீலமாக்கும் படியே கிடையாது. பாஸ்போமாலிப்டேட் 340 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை உட்கவர்வதை அவை நேராக அளக்கின்றன.

எண் என்ன சொல்கிறது?

வந்த எண்ணையும் ஒன்றோடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு இயல்பான அளவு, 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை. எலும்பு வளரும் வயதில் இது கூடுதலாக இருக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு 5 என்று வந்தால் அது நோயன்று. அதே 5 அறுபது வயதுத் தாத்தாவுக்கு வந்தால் மருத்துவர் காரணம் தேடுவார்.

அளவு ஏறுவதற்கு முக்கியக் காரணம் சிறுநீரகம் செயலிழப்பது. தேங்கிய பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து இரத்தக் குழாய்ச் சுவர்களில் படியலாம், எலும்பும் வலுவிழக்கும். ஆனால் சிறுநீரக நோயின் தொடக்கத்தில் பாஸ்பேட் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆகவே கிரியேட்டினின், கால்சியம் போன்ற சோதனைகளையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்கிறார்.

வைட்டமின் ‘டி’ குறைந்தால் பாஸ்பேட் இறங்கலாம். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுத்தாலும் ஆபத்தான அளவுக்கு இறங்கும். அப்போது சுரக்கும் இன்சுலின், இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டைச் செல்களுக்குள் இழுத்துவிடுகிறது. தசைகள் இயங்க ஏ.டி.பி. என்னும் ஆற்றல் பொருள் வேண்டும். அதை உண்டாக்கப் பாஸ்பேட் வேண்டும். பாஸ்பேட் மிகவும் குறைந்தால் மூச்சு விடும் தசைகூடத் தளரும். இந்த ஏ.டி.பி.யை 1929இல் தசையிலிருந்து பிரித்தறிந்தவர்களும் ஃபிஸ்க்கும் சுப்பாராவுமே! அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியே கண்டறிந்தார்.

இன்னொரு எச்சரிக்கை. சிவப்பணுக்களுக்குள் பாஸ்பேட் ஏராளம். எடுத்த இரத்தத்தில் அவை உடைந்தாலோ, அவற்றைப் பிரிக்கத் தாமதமானாலோ, நோயில்லாதவருக்கும் எண் கூடிவிடும். அதனால்தான் சில சமயம் மறுபடியும் இரத்தம் கேட்கிறார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான, பக்கங்கள் செங்குத்தான இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் 100 மில்லிலிட்டர் நீர் ஊற்றுங்கள். ஒன்றில் 2 சொட்டு நீல மை. மற்றதில் 4 சொட்டு. வெள்ளைத்தாள் மீது வைத்து மேலிருந்து பாருங்கள். இரண்டும் ஒரே நீலமாகத் தெரியும்வரை, அடர்ந்த கரைசலைச் சிறிது சிறிதாக வெளியே எடுங்கள். இப்போது இரண்டின் உயரத்தையும் அளவுகோலால் அளந்து பாருங்கள். அடர்ந்த கரைசலின் உயரம் மற்றதில் ஏறத்தாழப் பாதியாக இருக்கும். ஒளி மின்கலம் வருமுன், ஆய்வுக்கூடங்களில் இந்த முறையில்தான் கண்ணால் பார்த்துப் பாஸ்பேட்டை அளந்தார்கள்.