சைக்கிளில் போய்ப் பாடம் சொல்லப் போகிறாளா உங்கள் மகள்?

"லீவுல காலேஜ் பிள்ளைங்க சேர்ந்து சைக்கிள்லயே ஊர் ஊரா போய், பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தரப் போறாங்களாம். பையனை அனுப்பிடலாம். மகளும் போவேன்னு நிக்கிறாளே டாக்டர்?"

ஆலங்குளம் பக்கம் இப்படிக் கேட்கும் பெற்றோர் உண்டு. உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழலாம். தாராளமாக அனுப்புங்கள் என்பதே என் பதில். ஆனால், சில ஏற்பாடுகளைச் செய்துவிட்டு அனுப்புங்கள்.

இது நடக்காத காரியமல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 2013-ல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வாஷிங்டன் வரை சைக்கிளில் போய், வழியெங்கும் பிள்ளைகளுக்குச் செய்முறைப் பயிற்சி நடத்தினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் தந்த ஊக்கத்தால் கிராமத்துப் பெண்கள் ஆயிரமாயிரமாய் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசியவர்களைத் தாண்டி, ஊர் ஊராகப் போய் எழுத்தறிவித்தார்கள்.

"சைக்கிள் மிதிச்சா கர்ப்பப்பை இறங்கிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. மாதவிலக்கு நாட்களிலும் உடம்பு ஒத்துழைத்தால் ஓட்டலாம். வலியோ, அதிக உதிரப்போக்கோ இருந்தால் அன்று ஓய்வு. அவ்வளவுதான்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்று பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் கிளம்பிவிடுவார்கள். அடக்கக்கூடாத 14 வேகங்கள் என்று சித்த மருத்துவம் சொல்கிறது. தாகமும் சிறுநீரும் அதில் அடக்கம். இரண்டையும் அடக்கிக்கொண்டு வெயிலில் மிதித்தால் நீர்க்கடுப்பு, தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் வரிசையாக வரும். ஆகவே, அழைத்துப் போகும் ஆசிரியரிடம், "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்பதற்கு முன், "எங்கெங்கே நிறுத்துவீங்க? அங்கே கழிப்பறை இருக்கா?" என்று கேளுங்கள்.

அடுத்தது, தூரம். திருநெல்வேலியிலிருந்து தென்காசி 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வாலிபப் பிள்ளைகள் ஒரே மூச்சில் போய்விடலாம் என்பார்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று நமக்குச் சுகம். மேற்கே பார்த்து மிதிப்பவருக்கோ அது எதிர்க்காற்று! வியர்வையும் உடனே உலர்ந்துவிடுவதால், உடம்பில் நீர் குறைவது தெரியாது. போய்ச் சேர்ந்தபின் இரண்டு மணி நேரம் நின்று பாடம் நடத்தக் குரலும் தெம்பும் வேண்டாமா? பாதி வழியான ஆலங்குளத்தில் அன்றைய பயணத்தை முடித்து, பயிற்சியை அங்கே நடத்தி, மறுநாள் கிளம்புவதே புத்திசாலித்தனம்.

இவற்றையும் கவனியுங்கள்:

* ஒரு மாதம் முன்பே பழக்கம் தொடங்கட்டும். தினமும் 5 கிலோமீட்டரில் ஆரம்பித்துச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

* மிதி கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்துங்கள். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலி வரும்.

* விடியலில் கிளம்பி, பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

* கிளம்பும் முன் இட்லியும் வாழைப்பழமும், வழியில் உப்புப் போட்ட மோரும் கடலை மிட்டாயும் போதும். வாந்தி, பேதி என்றால் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கையில் இருக்கட்டும்.

* இரவில் இளஞ்சூடான நல்லெண்ணெயைக் காலில் தடவி, வெந்நீரில் கழுவினால் அசதிக்கு இதமாக இருக்கும்.

* தலைசுற்றல், உளறல், உடம்பு நெருப்பாகக் கொதித்தல் கண்டால் கைவைத்தியம் கூடாது. நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து, உடனே 108-ஐ அழையுங்கள்.

ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் பல வீடுகளில் தூசி படிந்து நிற்கிறது. அதைத் துடைத்துக் காற்றடித்துக் கொடுங்கள். உங்கள் மகள் ஒரு கிராமத்துப் பள்ளி வாசலில் தெம்போடு சைக்கிளை விட்டு இறங்கும்போது, அங்குள்ள சிறுமிகள் பாடம் தொடங்கும் முன்பே ஒன்றைக் கற்றுக்கொண்டிருப்பார்கள்.